சங்கர்ஸ் வீக்லி (1948–1975)

இந்தக் கார்ட்டூன் வார இதழ் பிறந்தது டெல்லியில், 1948 மே மாதம். பிரதமர் நேருவே வந்து தொடங்கிவைத்தார். இறந்தது 1975 ஆகஸ்ட் 31. வயது 27. போலீஸ் வந்து அலுவலகத்தைப் பூட்டவில்லை. பெற்றவரே போதும் என்று நிறுத்தினார்.

பெற்றவர் கே. சங்கர் பிள்ளை, காயங்குளத்துக்காரர். பம்பாயில் சட்டம் படிக்கப் போய்ப் பாதியில் விட்டவர். 1932-இல் ஹிந்துஸ்தான் டைம்ஸில் கார்ட்டூனிஸ்டாகச் சேர்ந்து வைஸ்ராய்களை வரைந்தார். படம் போடுவதற்கு மாதச் சம்பளமா என்று ஊரில் கேட்டிருப்பார்கள். நாளிதழ் என்ற இலையில் கார்ட்டூன் ஊறுகாய்தான், தலையங்கத்துக்குத் தொட்டுக்கொள்ள. அதையே சோறாகப் போட ஆசைப்பட்டுத் தனியாகக் கடை விரித்தார்.

கடை பள்ளிக்கூடமாகவும் ஆயிற்று. கார்ட்டூனிஸ்ட் அபு ஆபிரகாம் அங்கிருந்துதான் லண்டன் போனார். கல்லூரி ஆசிரியர் வேலையை இழந்த ஓ.வி. விஜயன் 1958-இல் வந்து சேர்ந்தார். அவருடைய 'கசாக்கின் இதிகாசம்' நாவலைத் தமிழில் படித்து உருகுகிற பலருக்கு அவர் பிழைப்பு கார்ட்டூன் என்பது தெரியாது.

நேரு விஷயத்துக்கு வருவோம். தன்னை விட்டுவைக்க வேண்டாம் என்று அவர் சங்கரிடம் கேட்டுக்கொண்டது டெல்லிப் பத்திரிகை உலகின் பழங்கதை. சங்கர் விட்டுவைக்கவும் இல்லை. வாராவாரம் வாங்கிக் கட்டிக்கொண்டும் நட்பு கெடவில்லை. ஒரு கார்ட்டூனிஸ்டுக்கு இதைவிடப் பெரிய அங்கீகாரம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. வரையப்பட்டவன் சிரிக்க வேண்டும், அல்லது சிரிக்கிற மாதிரியாவது இருக்க வேண்டும்.

செத்தவரைப் பற்றி நல்லதையே சொல்ல வேண்டுமென்பார்கள். ஆனால் நத்தைப் படத்தைச் சொல்லாமல் போனால் நேர்மையில்லை. 1949 ஆகஸ்டில் வந்தது அது. அரசியல் சட்டம் என்ற நத்தையின் மேல் அம்பேத்கர் உட்கார்ந்திருக்கிறார், பின்னால் நேரு, கையில் சாட்டை. அன்றைக்குப் பார்த்தவர்கள் கண்ணில் நத்தை பட்டிருக்கும். என்.சி.இ.ஆர்.டி. பாடநூலில் அது இருப்பதை 2012-இல் தொல். திருமாவளவன் பிரச்சினையாக்கியபோது நாடாளுமன்றத்தின் கண்ணில் பட்டது சாட்டை. படம் புத்தகத்திலிருந்து போயிற்று. வரைந்தவருக்குக் கெட்ட எண்ணம் இருந்ததாக நான் நம்பவில்லை. ஆனால் தலைமுறை தலைமுறையாக அடிபட்ட முதுகுக்குச் சாட்டை வெறும் உருவகமல்ல என்பதும் அவருக்குத் தோன்றியிருக்கவில்லை.

1975 ஜூன் 25, அவசரநிலை. பத்திரிகைகளுக்கு முன்தணிக்கை. இரண்டு மாதம் கழித்துக் கடைசி இதழ். சர்வாதிகாரத்துக்குச் சிரிப்பு கட்டுப்படியாகாது, ஜனங்கள் சர்வாதிகாரியைப் பார்த்தே சிரித்துவிடுவார்கள் என்ற பொருளில் விடைபெறும் தலையங்கம் எழுதினார் சங்கர். அதே வருஷம் டிசம்பரில், குளியல் தொட்டியில் கிடந்தபடி அவசரச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டு நீட்டும் குடியரசுத் தலைவரை அபு இந்தியன் எக்ஸ்பிரஸில் வரைந்தார். அது எப்படியோ அச்சேறியது. சிஷ்யன் தணிக்கைக்குள் நுழைந்து பார்த்தான், குரு நுழையவே மாட்டேன் என்றார். இரண்டுக்கும் துணிச்சல் வேண்டும்.

சங்கருக்கு விருதுகள் தவணை தவறாமல் வந்தன. 1956-இல் பத்மஸ்ரீ, 1966-இல் பத்மபூஷண், 1976-இல் பத்மவிபூஷண். கடைசித் தேதியைக் கொஞ்சம் நின்று பாருங்கள். பத்திரிகை மூடி முழுதாக ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அவசரநிலை அமலில் இருக்கிறது, ஆள்வது இந்திரா. இனி வரையப் பத்திரிகை இல்லாதவருக்கு அரசாங்கம் போர்த்திய பொன்னாடை அது.

இறந்தவருக்கு உடன்பிறப்புகள் உண்டு. 1949-இல் வீக்லியின் மடியில் பிறந்த குழந்தைகள் ஓவியப் போட்டி, 1957-இல் தொடங்கிய சில்ட்ரன்ஸ் புக் டிரஸ்ட், 1965-இல் திறந்த பொம்மை அருங்காட்சியகம். சங்கர் 1989 டிசம்பரில் காலமானார். மீதி வாழ்நாளைக் குழந்தைகளுக்கே கொடுத்திருந்தார்.

1964 மே 17 இதழில் ஒரு படம். மெலிந்து களைத்த நேரு கையில் தீப்பந்தத்துடன் ஓட்டத்தின் கடைசிச் சுற்றை ஓடுகிறார். பத்தே நாளில் அவர் இறந்துபோனார். நந்தா, சாஸ்திரி, மொரார்ஜி, கிருஷ்ண மேனன் என்று பின்னால் ஓடிவருகிறவர்களில் இந்திராவையும் சங்கர் வரைந்திருந்தார்.