ந்தாவு: ஷோனாவின் கிழக்கு வழக்கு

ந்தாவு, ஜிம்பாப்வேயின் தென்கிழக்கிலும் மொசாம்பிக்கின் நடுப்பகுதியிலும் பேசப்படும் ஒரு பாண்டு மொழி வழக்கு. செசுரு, கரங்கா, மன்யிகா, கொரேகொரே ஆகியவற்றோடு சேர்த்து ஷோனாவின் கிளைவழக்காக இதை வகைப்படுத்துவது நெடுநாள் வழக்கம். தனிமொழி என்று கொள்ளும் அறிஞர்களும் உண்டு. பேசுவோரில் பலரின் எண்ணமும் அதுவே. பேச்சு சிந்தாவு எனவும், பேசும் மக்கள் வந்தாவு எனவும் அழைக்கப்படுகின்றனர்.

ஜிம்பாப்வேயில் சிப்பிங்கே, சிமானிமானி மாவட்டங்கள் இவர்களின் தாயகம். எல்லைக்கு அப்பால் மனிக்கா, சொஃபாலா மாநிலங்களில் புஸி, சாவே ஆறுகளை ஒட்டி இந்தியப் பெருங்கடற்கரை வரை இவர்கள் பரவி வாழ்கிறார்கள். பெய்ரா துறைமுக நகரத்தில் சேனாவும் ந்தாவும்தான் முதன்மையான உள்ளூர் மொழிகள். மலையடிவாரத்திலும் தாழ்நிலத்திலும் கடலோரத்திலும் பேச்சு சற்றே வேறுபடும். டண்டா, ஷங்கா, தொம்போஜி, கார்வே என அவற்றுக்குத் தனிப் பெயர்கள் உள்ளன.

மற்ற ஷோனா வழக்குகளிலிருந்து ந்தாவைப் பிரித்துக் காட்டுவது அதன் ஒலிகளில் படிந்த வரலாறு. 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில், தெற்கே சூலுப் போர்களின் கொந்தளிப்பிலிருந்து வெளியேறிய ங்குனி படைத்தலைவர் சொஷங்கானே இப்பகுதியில் காஸா அரசை நிறுவினார். அவர் மகன் உம்சீலா 1860களில் ந்தாவு மேட்டுநிலத்திலேயே தலைநகர் அமைத்தார். இளைஞர்கள் படையில் சேர்க்கப்பட்டார்கள். ஆட்சியாளரின் சொற்கள் வீட்டுப் பேச்சிலும் நுழைந்தன. நாக்கைச் சொடுக்கி எழுப்பும் ங்குனி ஒலிகள் கடன்சொற்கள் வழியே ந்தாவில் நிலைத்தன. பொது ஷோனாவில் நன்றி சொல்ல ‘தெண்டா’ என்ற வினை வழங்க, ந்தாவுக்காரர் ‘பொங்கா’ என்கிறார்கள். அது ங்குனியில் வழங்கும் சொல். முச்சொங்கோயோ என்னும் ஆட்டத்தின் போர்நடை அசைவுகளிலும் அந்தக் காலத்தின் தடம் தெரிகிறது.

1889இல் உம்சீலாவின் மகன் குங்குன்யானா தலைநகரைத் தெற்கே மஞ்சகாஸேக்கு மாற்றியபோது ஏராளமான ந்தாவு மக்களையும் வலுக்கட்டாயமாக நடத்திச் சென்றார். அந்தப் பெயர்ச்சியின் வடு ஆறவில்லை. தெற்கு மொசாம்பிக்கின் மருத்துவர்களான ந்யமுசோரோக்கள் இன்றும் ந்தாவு ஆவிகள் தங்கள் மேல் இறங்குவதாக நம்புகிறார்கள். அந்நிய மண்ணில் மாண்ட ந்தாவுக்காரர்கள் நீதி கேட்டுத் திரும்புவதாகச் சொல்கிறார்கள். அடிமைப்பட்டுப் போன மக்களின் பெயர், அடிமைப்படுத்தியவர்களின் நிலத்திலேயே அச்சத்தோடும் மரியாதையோடும் உச்சரிக்கப்படுவது இம்மக்களின் வரலாற்றில் தனித்துச் சொல்ல வேண்டிய செய்தி. குங்குன்யானாவை 1895 டிசம்பரில் போர்த்துகீசியர் சிறைப்பிடித்தனர்.

அதற்குள் நிலமும் பிளந்திருந்தது. 1891இல் பிரிட்டனும் போர்த்துகலும் செய்துகொண்ட ஒப்பந்தம் ந்தாவு நாட்டின் நடுவே எல்லைக்கோட்டை இட்டது. மேற்கே அமெரிக்க சபை மிஷன் 1893இல் மவுண்ட் செலிண்டாவில் காலூன்றிப் பள்ளி தொடங்கியது. கிழக்கே மொசாம்பிக் கம்பெனி என்ற காலனிய நிறுவனத்தின் கட்டாய உழைப்பிலிருந்து தப்ப எல்லை தாண்டியவர்கள் பலர்.

இந்த மொழியின் முதல் பெரிய ஆவணங்களில் ஒன்று அமெரிக்காவில் உருவானது. மொசாம்பிக் கடற்கரையில் பிறந்த கம்பா சிமாங்கோ ஹாம்ப்டன் கல்லூரியிலும் பின்னர் கொலம்பியா பல்கலைக்கழகத்திலும் படித்தார். மானிடவியலாளர் ஃபிரான்ஸ் போவாஸுடன் சேர்ந்து ந்தாவுக் கதைகளையும் பழமொழிகளையும் 1922இல் வெளியிட்டார். தகவலாளியாக ஒதுக்கப்படாமல் ஆசிரியராகவே அவர் பெயர் அச்சேறியது அக்காலத்தில் அரிது.

வழக்கா மொழியா என்ற கேள்வியைக் கூர்மையாக்கியது மொழியியலாளர் கிளெமென்ட் டோக்கின் பணி. தெற்கு ரொடீசிய (இன்றைய ஜிம்பாப்வே) அரசு கேட்டுக்கொண்டபடி ஆராய்ந்த அவர், 1931 அறிக்கையில் எல்லா வழக்குகளுக்கும் ஷோனா என்ற ஒரே எழுத்துமொழியைப் பரிந்துரைத்தார். சொற்களைத் தருவோர் வரிசையில் ந்தாவுக்கும் இடமிருந்தது. இலக்கணத்தின் அடித்தளமோ செசுருவும் கரங்காவும். இதனால் சிப்பிங்கேயின் குழந்தைகள் பள்ளியில் தங்கள் பேச்சை ஒட்டாத ஷோனாவைக் கற்றுத் தேர்வெழுத வேண்டியதாயிற்று. வீட்டில் சரியாக இருந்த சொல் விடைத்தாளில் பிழையானது. ஒருமைப்பாட்டின் பெயரால் நடந்தாலும் இது அநீதிதான்.

அரசியலில் இச்சமூகம் பின்தங்கவில்லை. ஜிம்பாப்வே விடுதலைக் கட்சியான ஸானுவின் நிறுவனர்-தலைவர் ந்தபானிங்கி சித்தோலே, மொசாம்பிக் விடுதலை இயக்கமான ஃப்ரெலிமோவின் துணைத்தலைவராயிருந்த உரியா சிமாங்கோ, அதை எதிர்த்த ரெனாமோவை நீண்டகாலம் நடத்திய அஃபோன்சோ த்லாகாமா (1953–2018) ஆகியோர் ந்தாவு வழியினர். மூவருமே தத்தம் நாட்டு ஆளும் தரப்போடு மோதியவர்கள் என்பதால், தாங்கள் ஓரங்கட்டப்பட்டோம் என்ற உணர்வு இம்மக்களிடம் வலுத்தது.

2019 மார்ச்சில் வீசிய இடாய் புயல் ந்தாவு நாட்டின் இரு பக்கங்களையும் ஒருசேரத் தாக்கியது. பெய்ரா சிதைந்தது, புஸி ஆற்றுச் சமவெளி வெள்ளத்தில் மூழ்கியது, சிமானிமானியில் மலைச்சரிவுகள் குடியிருப்புகளை அடித்துச் சென்றன.

ஜிம்பாப்வேயின் 2013 அரசியலமைப்பு ஏற்ற 16 அலுவல் மொழிகளில் ஷோனாவும் ந்தாவும் தனித்தனியே இடம்பெற்றன. மொசாம்பிக்கில் போர்த்துகீசியமே அலுவல் மொழி. ஆனாலும் வானொலியில் ந்தாவு ஒலிக்கிறது. எழுத்தில்தான் இன்னும் பிளவு: இரு நாடுகளும் ரோமன் எழுத்தையே பயன்படுத்தினாலும், ‘ச’ ஒலியை ஜிம்பாப்வே ஈரெழுத்தாலும் மொசாம்பிக் ஓரெழுத்தாலும் குறிக்கின்றன. ஒரு பக்கத்தில் அச்சாகும் பாடநூல் மறுபக்கத்துப் பள்ளிக்கு அப்படியே பொருந்துவதில்லை. பாடநூல்கள் குறைவாக உள்ள மொழிக்கு இந்த இடைவெளி பெரிய இழப்பு. அதைச் சரிசெய்ய இரு அரசுகளும் ஒரே எழுத்துமுறைக்கு உடன்பட வேண்டும்.