பாவலர் மேடையும் ஒலிப்பதிவுக் கருவித் தேர்வும்

கம்பம் பள்ளத்தாக்கின் பண்ணைப்புரத்தைச் சேர்ந்த பாவலர் வரதராசன், பொதுவுடைமைக் கட்சி மேடைகளில் பாடியவர். மலைக்கு அப்பால், தமிழ்த் தோட்டத் தொழிலாளர் நிறைந்த தேவிகுளம் தொகுதியில் 1958இல் நடைபெற்ற இடைத்தேர்தலில் அவர் பாடல்கள் பரப்புரைக்குத் துணைநின்றன. கட்சி வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ் வெற்றி பெற்றார். பாவலரின் தம்பியர் பாஸ்கர், இளையராஜா, கங்கை அமரன் ஆகியோரும் அவருடன் மேடையேறிப் ‘பாவலர் சகோதரர்கள்’ என அறியப்பட்டனர்.

அம்மேடைகள் இன்று பெரும்பாலும் நினைவுக்குறிப்புகள் வழியாகவே அறியப்படுகின்றன. நினைவு பாட்டின் பொருளைக் காக்கும். குரலின் ஏற்ற இறக்கத்தையும் கூட்டத்தின் ஆரவாரத்தையும் காக்காது. எடையும் விலையும் மிக்க அக்கால நாடாப் பதிவுக் கருவி சிற்றூர் மேடைக்கு எளிதில் எட்டவில்லை.

ஒலிவாங்கியின் மின்குறிகையை எண்மத் தரவாக்கிக் கணினிக்கு அனுப்பும் ஆடியோ இன்டர்ஃபேஸ் இன்று அத்தடையை நீக்கியுள்ளது. சிறிய வகைகள் மடிக்கணினியின் யுஎஸ்பி மின்சாரத்திலேயே இயங்கும். எனினும் அதன் தேர்வு பதிவின் நோக்கத்தைப் பொறுத்தது. வீட்டில் ஆர்மோனியத்துடன் பாடும் ஒருவருக்கு இரண்டு ஒலிவாங்கி உள்ளீடுகள் போதும். மேடையிலோ குரல், ஆர்மோனியம், தாளக்கருவி, அவையொலி ஆகியவற்றைத் தனித்தனித் தடங்களில் பதிய நான்கு உள்ளீடுகளேனும் வேண்டும். மின்தேக்கி ஒலிவாங்கிகளுக்கு 48 வோல்ட் மின்னழுத்தம் இன்றியமையாதது. பறையொலி திடீரென உயர்ந்தாலும் சிதையாதவாறு, பதிவளவைத் தாழ்த்தி வைக்க 24 பிட் ஆழம் இடந்தரும்.

அவையொலிக்குத் தனித்தடம் ஒதுக்கப்படாவிடின், அரசியற் பாட்டு வரலாற்றின் ஒரு பாதி மீண்டும் நினைவுக்கே விடப்படும்.