திரைப்பிம்பமும் மதுவிலக்கும்: கள்ளக்குறிச்சிப் பின்னணி

தமிழ்த் திரையுலகில் ஒரு நடிகர் திரையில் குடிக்கிறாரா, நேரில் குடிக்கிறாரா என்பது ரசிகர்களின் வம்புப் பேச்சாக மட்டும் இருந்ததில்லை. எம்.ஜி.ஆர். காலத்திலிருந்து அது வாக்குச் சேகரிக்கும் அரசியலாகவும் இருந்துவந்துள்ளது. அந்த அரசியலின் விளைவுகளைக் கண்ட பகுதிகளுள் ஒன்று கள்ளக்குறிச்சியும் அதன் மேற்கே உள்ள கல்வராயன் மலையும்.

மலையின் இரு பக்கங்கள்

1937ல் ராஜாஜி அமைச்சரவை முதன்முதலாகச் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. கல்வராயன் மலையின் மேற்குச் சரிவு சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தது. கள்ளக்குறிச்சி வட்டம் அமைந்த கிழக்குச் சரிவு தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தது. ஆகவே ஒரே மலையின் ஒரு பக்கத்தில் கள் விற்பது குற்றம், மறுபக்கத்தில் உரிமம் பெற்ற தொழில். மாகாணம் முழுவதும் மதுவிலக்கு 1948ல் வந்தது. மலையில் வாழும் மலையாளி பழங்குடியினர் 1976 வரை ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்தார்கள். சாலையும் பள்ளியும் அங்கே தாமதமாகவே சென்றன. வெல்லமும் மரப்பட்டையும் ஊறப்போட்டுக் காய்ச்சும் சாராயம் சிலருக்குப் பிழைப்பானது. காவல்துறை காட்டுக்குள் புகுந்து ஊறல்களை அழிப்பதும், சில வாரங்களில் வேறு ஓடைக்கரையில் ஊறல் போடப்படுவதும் இன்றுவரை தொடரும் செய்திகள்.

திரையில் குடிக்காத நாயகன்

எம்.ஜி.ஆர். தன் படங்களில் புகைப்பதையும் குடிப்பதையும் தவிர்த்தார். இது தற்செயல் அல்ல, திட்டமிட்டு வளர்த்த அடையாளம். அவருடைய நூறாவது படமான 'ஒளிவிளக்கு' (1968) இதற்கு நல்ல சான்று. அதில் நாயகன் குடிக்கும் ஒரு காட்சி உண்டு. ஆனால் உடனே அவனுடைய மனச்சாட்சி அவன் உருவத்திலேயே பலராகத் தோன்றி அவனைப் பாட்டில் கண்டிக்கிறது. குடித்தவரும் எம்.ஜி.ஆர்., கண்டித்தவரும் எம்.ஜி.ஆர். தான்.

நேர்வாழ்விலும் அவர் குடிப்பழக்கம் இல்லாதவர் என்றே அறியப்பட்டார். மற்ற நட்சத்திரங்களிடம் ரசிகர்கள் தேடிப்பிடித்த முரண், இந்த விஷயத்தில் அவரிடம் இல்லை. கணவனின் குடியால் அடிவாங்கிய பெண்களுக்கு அவர் திரையில் பார்த்த நடிகர் மட்டுமல்ல, வீட்டில் இல்லாத நல்ல ஆண்.

1971ல் மு. கருணாநிதி தலைமையிலான தி.மு.க. அரசு நிதி நெருக்கடியைக் காரணம் காட்டி மதுவிலக்கைத் தள்ளிவைத்தது. 1972ல் எம்.ஜி.ஆர். தி.மு.க.விலிருந்து நீக்கப்பட்டு அ.தி.மு.க.வைத் தொடங்கினார். கட்சிக் கணக்கைக் கேட்டதே உடனடிக் காரணம் என்றாலும், மதுக்கடைத் திறப்பும் அவருடைய விமர்சனங்களில் இடம்பெற்றது. கருணாநிதி அரசே 1973ல் கள்ளுக்கடைகளையும் 1974ல் சாராயக் கடைகளையும் மூடிவிட்டது. ஆனால் மதுவை எதிர்ப்பவர் என்ற பெயர் எம்.ஜி.ஆருக்கே நிலைத்தது. 1977ல் அவர் முதலமைச்சரானார்.

நாற்காலியில்

1981ல் எம்.ஜி.ஆர். அரசு கள், சாராயக் கடைகளை மீண்டும் திறந்தது. 1983ல் மது மொத்த விற்பனைக்காக டாஸ்மாக் நிறுவனம் தொடங்கப்பட்டது. சாராயக் கடைகள் 1987 தொடக்கத்தில் மூடப்பட்டன. டாஸ்மாக் நீடித்தது. 2003ல் ஜெயலலிதா அரசு சில்லறை விற்பனையையும் அதனிடமே ஒப்படைத்தது.

எம்.ஜி.ஆரின் ஆதரவாளர்கள் 1982ல் தொடங்கிய சத்துணவுத் திட்டத்தைச் சுட்டுவார்கள். பணம் வேண்டும் என்ற வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்தப் பணம் யாருடைய சட்டைப்பையிலிருந்து வந்தது என்பதை ஆய்வாளர் எம்.எஸ்.எஸ். பாண்டியன் தன் 'தி இமேஜ் ட்ராப்' (1992) நூலில் கேட்டார். ஏழைகளின் காவலராகத் தோன்றியவரின் அரசு, ஏழைகள் குடிக்கும் மதுவின் வரியை மேலும் மேலும் நம்பியிருந்ததை அவர் காட்டினார். இருந்தும் 1984 தேர்தலில் எம்.ஜி.ஆர். மீண்டும் வென்றார். அவர் சொந்த வாழ்வில் குடிக்காதவர் என்ற நம்பிக்கை, அவர் அரசு விற்ற சாராயத்தை அவரோடு சேர்த்துப் பார்க்கவிடாமல் மறைத்தது என்றே கொள்ள வேண்டும். தனிவாழ்வின் ஒழுக்கம் பொதுவாழ்வின் கணக்கை மூடிவிட்ட அரிய நிகழ்வு இது. நடிகர்களைப் பற்றிய வழக்கமான குற்றச்சாட்டுக்கு நேர் எதிரானதும் கூட.

ரஜினிகாந்தின் கதை தலைகீழானது. சிகரெட்டே அவருடைய திரை முத்திரையாக இருந்தது. 'பாபா' (2002) வெளியானபோது பா.ம.க. அதைக் கடுமையாக எதிர்த்தது. ஆனால் 2023ல் 'ஜெயிலர்' பாடல் வெளியீட்டு விழாவில், மதுப்பழக்கம் தன் வாழ்வில் செய்த பெரிய தவறு என்று அவரே மேடையில் சொன்னார்.

கருணாபுரம், 2024

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த பாக்கெட் சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பலர் கூலித் தொழிலாளர்கள். பெண்களும் இருந்தனர். டாஸ்மாக்கில் ஒரு குவார்ட்டரின் குறைந்த விலை 140 ரூபாயாக இருந்தது. பாக்கெட் அதில் பாதிக்கும் குறைவு. மெத்தனால் தொழிற்சாலைக் கரைப்பான். உடலில் அது ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வையையும் உயிரையும் பறிக்கும். மலையில் காய்ச்சும் சாராயத்துக்கு அது தேவையில்லை. வெளியிலிருந்து வாங்கிக் கலக்கப்பட்டது. இருந்தும் செய்திகளில் முதலில் அடிபட்ட பெயர் கல்வராயன் மலைதான்.

கட்சித் தலைவர்கள் மருத்துவமனைக்கு வந்தார்கள். நடிகர்களும் வந்தார்கள். அவ்வாண்டு பிப்ரவரியில் கட்சி தொடங்கியிருந்த விஜய் நோயாளிகளைப் பார்த்து, அரசின் அலட்சியத்தைக் கண்டித்தார். முந்தைய ஆண்டில்தான் அவருடைய 'லியோ' படப் பாடலொன்று புகையையும் மதுவையும் கொண்டாடுவதாகப் புகார் எழுந்து, எச்சரிக்கை வாசகம் சேர்க்கப்பட்டிருந்தது. அதை இணையத்தில் சிலர் நினைவூட்டினார்கள், பலர் பொருட்படுத்தவில்லை.

தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டத்தில் அந்த மாத இறுதியிலேயே தண்டனைகள் கடுமையாக்கப்பட்டன. சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் நிலை குறித்துத் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. அதில் பேசப்பட்டவை சாலை, பள்ளி, மருத்துவமனை. சாவு வழக்கின் விசாரணையை நவம்பரில் நீதிமன்றம் சி.பி.ஐ.க்கு மாற்றியது.