வரைபடமும் கணக்கேடும்

வரைபடத்திற் சுவரொன்று இடம் மாறின், கணக்கேட்டிற் செங்கல்லின் தொகையும் விலையும் உடன்மாறுதல் வேண்டும். தாளில் வரைந்த காலத்தில் இது தானாக நிகழ்ந்ததில்லை. அளவுமதிப்பாளர் படத்தைப் புதிதாக அளந்தே கணக்கைத் திருத்தினர். திருத்தத் தவறிய இடத்தில் நட்டம் விளைந்தது.

இக்குறையை நீக்க முற்பட்டோருள் ஐக்கிய அமெரிக்காவின் காணெகி மெலன் பல்கலைக்கழகத்துச் சாள்ஸ் ஈஸ்ற்மன் முன்னோடியாவார். கட்டட உறுப்புகளைக் கணனியில் ஒருமுறையே பதிந்து, வரைபடத்தையும் பொருட்டொகையையும் அப்பதிவிலிருந்தே பெறலாம் என 1975இல் அவரது கட்டுரை காட்டிற்று.

ஆயினும் அவ்வெண்ணம் வணிகக் கணக்கை எளிதில் எட்டவில்லை. வரைவோனுக்கு ஒன்றாகிய சுவர், கணக்கனுக்குச் செங்கல், சாந்து, கொத்தன் கூலி, ஒப்பந்தத் தவணை எனப் பலவாகும். பகுப்பு ஒவ்வாதவிடத்துக் கணனி என் செய்யும்? மென்பொருள் நிறுவனங்கள் தத்தம் பதிவுமுறையைத் தமக்கே உரியதாகப் பேணியமை மற்றொரு தடை. பொதுப் பதிவுமுறை வகுக்கும் முயற்சி 1990களில் தொடங்கி, 2013இல் முழுமையான சர்வதேச நியமமாயிற்று.

2016 முதல் பிரித்தானிய மத்திய அரசு தன் கட்டட வேலைகளுக்கு இத்தகைய பதிவுகளைக் கட்டாயமாக்கிற்று. அவற்றுள், கதவு, பம்பி முதலியவற்றின் விவரம் பெரும்பாலும் நிரையும் நிரலுமாய் அமைந்த அட்டவணையாகவே ஒப்படைக்கப்பட்டது. பழைய கணக்கேட்டின் வடிவம் அது.