அங்கொடைக்கு அனுப்பாத வீடுகள்

கொழும்பில் சுதந்திர சதுக்கத்தை ஒட்டி நிற்கும் ஆர்கேட் கட்டடம் 2014 இல் கடைத்தொகுதியாகத் திறக்கப்பட்டது. அது 1880களில் ஜாவத்தை மனநோயாளர் விடுதியாக இருந்த கட்டடம். அதற்கு முன்னரே 1839 இல், புத்தி பேதலித்தவர்களைக் காவலில் வைப்பதற்கென்று ஆங்கிலேயர் ஒரு சட்டம் இயற்றினார்கள். தனி இடம் இல்லாத அந்த நாட்களில் ஹெந்தளை தொழுநோய் ஆஸ்பத்திரியில்தான் அவர்களை அடைத்தார்கள். பிறகு பொரளையில் ஒரு விடுதி, அது நிரம்பியதும் ஜாவத்தை, ஜாவத்தையும் நிரம்பியதும் 1926 இல் அங்கொடை. 1937 இல் லண்டனிலிருந்து வந்து பார்த்த மனநல மருத்துவர் எட்வர்ட் மாப்பதர், அங்கொடையின் நெரிசலைக் கண்டித்து அறிக்கை எழுதினார். மனநோயாளர் பற்றிய 1873 ஆம் ஆண்டுச் சட்டம் பெயர் மாறியும் திருத்தப்பட்டும் இன்னும் நடைமுறையில் இருக்கிறது.

மதிலுக்கு உள்ளே இருந்தவர்களுக்குப் பதிவேடு உண்டு. வீட்டிலேயே வைத்துப் பார்க்கப்பட்டவர்களை எந்த ஏட்டிலும் காண முடியாது. என் தம்பி அப்படிப் பார்க்கப்பட்டவன்.

அவன் பிறந்தது 1963 இல், வெள்ளவத்தையில் கடற்பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில். பேச்சு வரவில்லை. கோபம் வந்தால் தன் கையைத் தானே கடிப்பான், தலையைச் சுவரில் மோதுவான். படலை திறந்திருந்தால் ஓடிவிடுவான். அப்போது எங்கள் ஒழுங்கைகள் எல்லாம் ரயில் பாதையில் போய் முடிந்தன. அதனால் அம்மா படலைக்குப் பூட்டுப் போட்டுச் சாவியைச் சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்தா. உறவுக்காரர் அங்கொடை என்று தொடங்கினால் எழுந்து உள்ளே போய்விடுவா.

அம்மாவால் தனியாக அது முடிந்திருக்காது. அன்றைய வெள்ளவத்தை வீடுகளில் முற்றமும் கிணறும் இருந்தன. யாழ்ப்பாணத்திலிருந்து உத்தியோகத்துக்கும் படிப்புக்கும் வந்த மாமாமார், மச்சான்மார் நாலைந்து பேர் எப்போதும் தங்கியிருந்தார்கள். ஒருவர் குளிக்க வார்ப்பார், ஒருவர் கடற்கரைக்குக் கூட்டிப் போவார். கொட்டாஞ்சேனையில் இருந்த பெரியம்மா, நாங்கள் சைவக்காரர் என்று பாராமல், செவ்வாய்க்கிழமைகளில் அவனைக் கொச்சிக்கடை அந்தோனியாரிடம் கொண்டுபோவா. அவன் சத்தம் போட்டாலும் அங்கே யாரும் முகம் சுளிக்கவில்லை. அப்படிப் பல பிள்ளைகள் அங்கே வருவார்கள். அரசு ஒன்றும் தராத காலத்தில் இந்தக் கூட்டுக் குடும்பந்தான் எங்களுக்கு நிறுவனமாக இருந்தது.

1983 யூலைக் கலவரம் அதை உடைத்தது. பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி அகதி முகாமில், நெருக்கியடித்துப் படுத்திருந்த சனத்தின் நடுவே, 20 வயதுத் தம்பி இரவிரவாகக் கத்தினான். அம்மா அவனைப் போர்வையால் மூடி மைதானத்தின் மூலையில் வைத்துக்கொண்டு விடிய விடிய இருந்தா. மாமாமார் லங்கா கல்யாணிக் கப்பலில் காங்கேசன்துறைக்குப் போய், அங்கிருந்து கனடாவுக்கும் லண்டனுக்கும் போனார்கள். எங்களையும் கூப்பிட்டார்கள். தம்பியைப் போன்றவர்களை மருத்துவச் செலவைக் காட்டி நிராகரிக்கக் கனடாவின் குடிவரவுச் சட்டத்தில் இடம் இருந்தது. நாங்கள் இங்கேயே நின்றோம்.

1996 சனவரியில் மத்திய வங்கியில் குண்டு வெடித்த பின் வெள்ளவத்தையில் சுற்றிவளைப்புகள் ஓயவில்லை. பெயர் கேட்டால் சொல்லத் தெரியாத, ஆள் தொட்டால் அடிக்கிற, முப்பது வயதுத் தமிழ் ஆண்பிள்ளை என்ன ஆவான் என்று யோசித்துப் பாருங்கள். டாக்டரிடம் சிங்களத்தில் கடிதம் வாங்கி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, கதவின் உட்புறத்தில் தொங்கவிட்டோம். அந்த ஆண்டுகளில் தம்பி கடலைப் பார்க்கவே இல்லை. 2007 யூன் 7 அன்று வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை லொட்ஜுகளிலிருந்து தமிழரைப் பொலிஸார் பஸ்ஸில் ஏற்றிக் கொழும்பைவிட்டு அனுப்பினார்கள். வடக்கிலிருந்து வைத்தியத்துக்கு வந்து தங்கியிருந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். உயர் நீதிமன்றம் மறுநாள் அதைத் தடுத்தது.

சண்டை முடிந்ததும் ஒழுங்கைகளில் தொடர்மாடிகள் முளைத்தன. எங்கள் காணியிலும் ஒன்று வந்தது. இப்போது நாலாம் மாடியில், முற்றமில்லாமல், அவனும் நானும். அம்மா இல்லை. என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் தம்பியைப் பற்றி விசாரித்துவிட்டுத் திரும்பி வராமல் போனது பழைய கதை. தமிழ்க் குடும்பங்களில் இந்தப் பாரம் கலியாணமாகாத பெண்பிள்ளையின் தலையில் இறங்குவது வழக்கமாகவே ஆகிவிட்டது. அது அநியாயம்.

உதவி அறவே இல்லை என்று சொல்ல மாட்டேன். சித்ரா ஒழுங்கைப் பள்ளிக்கூடம் 1960களிலிருந்து இத்தகைய பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறது. 1980களில் சஹனய என்ற மனநல அமைப்பு வந்தது. சாலி ஹுலுகல்ல தொடங்கிய நெஸ்ட் அமைப்பு, முல்லேரியா மனநோய் ஆஸ்பத்திரியில் கைவிடப்பட்டுக் கிடந்த பெண்களைத் தேடிப் போனது. ஆறு. திருமுருகன் கோண்டாவிலில் தொடங்கிய சிவபூமி பாடசாலை யாழ்ப்பாணத்துப் பெற்றாருக்குப் பெரிய ஆறுதல். ஆனால் தம்பி சின்னப் பிள்ளையில்லை, குணமாகி வீடு திரும்பியவனும் இல்லை. பலமுள்ள, அடிக்கக்கூடிய, அறுபது வயது தாண்டிய மனிதன். நான் கேட்டுப்போன ஓர் இடத்தில் அவன் வயதைக் கேட்டவுடனேயே முடியாது என்றார்கள். இன்னோர் இடத்தில் தமிழ் விளங்கக்கூடிய பணியாளர் இல்லை.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை இலங்கை 2016 இல் ஏற்று உறுதிசெய்தது. வருமானம் குறைந்த வீடுகளுக்கு மாதாந்தக் கொடுப்பனவு உண்டு. இரவு பகலாகப் பார்த்துக்கொள்கிறவருக்கு ஒரு நாள் ஓய்வு தரும் ஏற்பாடு எதிலும் இல்லை. போன வருடம் என் கண்ணில் சத்திர சிகிச்சை செய்ய வேண்டியிருந்தபோது, அவனை விட்டுச் செல்ல ஆள் கிடைக்காமல் நாளைத் தள்ளிப்போட்டேன்.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கோயில் மண்டபங்களும் சங்கக் கட்டடங்களும் நிறைய உண்டு; வார நாட்களில் பாதி பூட்டிக் கிடக்கின்றன. அவற்றில் ஒன்றின் கீழ்த்தளத்தை, தமிழ் பேசும் பயிற்சி பெற்ற இரண்டு பேருடன், கிழமையில் இரண்டு நாள் வளர்ந்தவர்களுக்காகத் திறந்து வையுங்கள். அறங்காவலராக இருப்பவர்கள் அடுத்த கூட்டத்தில் இதைப் பேசுங்கள். முதல் ஆளாகத் தம்பியைக் கூட்டிக்கொண்டு நான் வருகிறேன்.