லெனின்கிராட்: முற்றுகைக்குள் ஒரு நகரம்

தெருவில் எந்தப் பக்கமாக நடப்பது என்று நாம் அதிகம் யோசிப்பதில்லை. வெயில் கடுமையாக இருந்தால் நிழலைத் தேடுவோம், அவ்வளவுதான். ஆனால் ஒரு நகர மக்களுக்கு அதுவே உயிர்ப் பிரச்சினையாக இருந்தது. அந்த நகரம் லெனின்கிராட். இன்று அதன் பெயர் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியப் படை 1941 செப்டம்பர் 8ஆம் நாள் இந்நகருக்கான கடைசித் தரைவழியை அடைத்தது. ஏறத்தாழ 25 லட்சம் மக்கள் உள்ளே சிக்கினர். 1943 சனவரியில் ஒரு குறுகிய தரைவழி திறந்தது என்றாலும், முற்றுகை முழுமையாக நீங்கியது 1944 சனவரி 27 அன்றுதான். மொத்தம் 872 நாட்கள்! ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பீரங்கிக் குண்டுகள் நகரின்மீது விழுந்தன.

இவற்றுக்கு நடுவே மக்கள் எவ்வாறு வாழ்ந்தனர்? முதலில் தெருவைப் பார்ப்போம். நகரின் முக்கியச் சாலையான நெவ்ஸ்கியில், பீரங்கித் தாக்குதலின்போது இந்தப் பக்கம் மிகவும் ஆபத்தானது என்று சுவரில் எழுதி வைத்தார்கள். எழுதப்பட்டது சாலையின் வடபுறத்தில். காரணம் எளியது. பீரங்கிகள் நகரின் தெற்கிலும் தென்மேற்கிலும் இருந்தன. குண்டு செங்குத்தாக விழுவதில்லை. வளைந்த பாதையில் சாய்வாக வந்து விழும். காற்றோடு சாய்ந்து பெய்யும் மழையில், காற்று வரும் பக்கத்துச் சுவரை ஒட்டி நின்றால் நனையமாட்டோம் அல்லவா? அதுபோலத் தென்புறக் கட்டடங்கள் தம் அடியில் நடப்பவர்களுக்கு ஓரளவு மறைவாக நின்றன. அவற்றைத் தாண்டி வரும் குண்டு எதிர்ப்புறத்தைத் தாக்கியது. நாம் வகுப்பில் படிக்கும் எறிபொருளின் இயக்கம், அங்கே கடைக்குப் போகும் பெண்ணுக்கும் தெரிந்த பாடம்.

இனி வீட்டுக்குள் செல்வோம். சுவரில் மாட்டிய வானொலிப் பெட்டி ஓயாது ஒலித்தது. நிகழ்ச்சி இல்லாத நேரத்தில் மெட்ரோனோம் ஒலி கேட்கும். இசை பயில்வோர் தாளம் தவறாமலிருக்க வைத்துக்கொள்ளும் ஊசற்கருவி இது. நிமிடத்துக்கு 50 அளவில் நிதானமாகத் தட்டினால் ஆபத்தில்லை. 150 அளவில் விரைந்து தட்டினால் விமானத் தாக்குதல். பதுங்கிடத்துக்கு ஓட வேண்டும்.

அந்நகருக்கு உணவு வர எஞ்சியிருந்த பெரிய வழி லடோகா ஏரி. குளிர்காலத்தில் ஏரி உறைந்ததும், 1941 நவம்பர் 22 முதல் பனிக்கட்டியின்மீதே லாரிகள் ஓடின. சில லாரிகள் பனி உடைந்து மூழ்கின. சுமை ஏற்றியவை தப்ப, இலேசானவை மூழ்கிய விந்தையும் உண்டு! இயற்பியல் அறிஞர் பாவெல் கொபெக்கோவும் அவர் குழுவினரும் பனித்தளத்தின் அசைவைப் பதிவு செய்யும் கருவியை அமைத்து ஆராய்ந்தனர். லாரி ஓடும்போது பனித்தளம் வளைந்து அலையாகப் பரவுகிறது. லாரியின் வேகமும் அலையின் வேகமும் ஒன்றானால் அலை விலகிச் செல்லாமல் லாரியோடு சேர்ந்தே வந்து பெருகும். ஊஞ்சலைச் சரியான தருணத்தில் தள்ளத் தள்ள வீச்சு கூடுவதுபோன்ற ஒத்ததிர்வு இது. ஆபத்தான வேகம் மணிக்கு 35 கிலோமீட்டர் அளவில் இருந்தது. அந்த வேகத்தைத் தவிர்க்கவும், லாரிகள் ஒன்றையொன்று முந்தாமல் இடைவெளி விட்டுச் செல்லவும் விதிகள் வகுக்கப்பட்டன.

ஆனால் அறிவால் வெல்ல முடியாத ஒரு கணக்கும் இருந்தது. 1941 நவம்பர் 20 முதல் டிசம்பர் 25 வரை தொழிலாளிக்கு நாளொன்றுக்கு 250 கிராம் ரொட்டி. மற்றவர்களுக்கும் குழந்தைகளுக்கும் 125 கிராம். நல்ல மாவில் செய்த ரொட்டியாக இருந்தாலும் 125 கிராம் தருவது சுமார் 300 கிலோ கலோரி. அசையாமல் படுத்திருக்கும் மனிதருக்கே ஏறத்தாழ 1500 வேண்டும். அந்த ரொட்டியிலோ மரத்திலிருந்து எடுத்த செல்லுலோசும் கலந்திருந்தது. மனிதக் குடலால் அதைச் செரிக்க முடியாது. தராசில் எடை காட்டியது. உடலுக்கு ஆற்றல் தரவில்லை. விறகில்லை, மின்சாரமில்லை, டிராம் ஓடவில்லை. உறைந்த நேவா ஆற்றில் துளையிட்டு, சறுக்கு வண்டியில் நீர் இழுத்து வந்தனர். அத்தனைக்கும் வேண்டிய ஆற்றல் எங்கிருந்து வந்தது? முதலில் உடலின் கொழுப்பிலிருந்து, பிறகு தசையிலிருந்து. ஆற்றல் அழிவின்மை விதி யாருக்கும் சலுகை காட்டுவதில்லை.

குண்டுகளால் மாண்டவர் ஏறத்தாழ 17,000 பேர். பசியால் மாண்டவரோ 6 லட்சத்துக்கும் மேல். இது தற்செயலாக நேர்ந்ததன்று. நகரைக் கைப்பற்றாமல் சூழ்ந்து நின்று பட்டினி போடுவதே ஜெர்மானியத் தலைமையின் திட்டம். பீரங்கியைவிடக் கொடிய ஆயுதம் அந்தக் கலோரிக் கணக்குதான்.

இன்று வீட்டில் ரொட்டி இருந்தால் 125 கிராம் நிறுத்துப் பாருங்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு, இன்று முழுவதும் இவ்வளவுதான், நாளையும் இவ்வளவுதான் என்று எண்ணிப் பாருங்கள். முற்றுகை என்ற சொல்லின் பொருள் அப்போது விளங்கும்.