ராஜா மறைத்த பாதையும் டேட்டா இல்லாத போனும்

கண்டிக்கு எப்படிப் போவது என்பது ஒரு காலத்தில் அரச இரகசியம். சும்மா சொல்லவில்லை. இரண்டாம் இராஜசிங்கன் ஆண்ட 17ஆம் நூற்றாண்டில் மலைநாட்டுக்குள் வரும் பாதைகளை அகலப்படுத்தக் கூடாது, ஆறுகளுக்குப் பாலம் போடக் கூடாது என்பது அரசனின் கொள்கை. ஒருத்தர் பின்னால் ஒருத்தராகத்தான் நடக்கலாம். கணவாய்களில் முள்ளால் கட்டிய கதவுகள், பக்கத்திலேயே காவலாளிகள். கொழும்புப் பக்கம் போகும்போது கண்டக்டர் கத்துகிற ‘கடவத்த’ என்ற பெயர் இந்த மாதிரிக் காவல் வாசலைக் குறிக்கும் சொல்தான்.

இதையெல்லாம் நமக்கு விரிவாகச் சொல்பவர் ஒரு கைதி. 1660இல் கொட்டியாரக் குடாவில் பிடிபட்ட ஆங்கில மாலுமி ரொபர்ட் நொக்ஸ், 19 வருடங்களுக்கு மேல் கண்டி இராச்சியத்துக்குள் இருந்தார். முள்கதவைத் தாண்டிப் போக அனுமதிச் சீட்டு வேண்டும் என்று எழுதுகிறார். அது கடதாசி இல்லை, களிமண்ணில் பதித்த முத்திரை. போர்வீரனுக்கு ஈட்டி தூக்கிய மனிதனின் உருவம், கூலியாளுக்கு காவடி மாதிரி இரண்டு பக்கமும் பை தொங்கும் தடியைச் சுமந்த மனிதனின் உருவம், வெள்ளைக்காரனுக்குத் தொப்பி போட்டு வாள் வைத்த மனிதனின் உருவம். முத்திரையைப் பார்த்ததுமே யார், என்ன வேலை என்று காவலாளிக்குத் தெரிந்துவிடும். வாசிக்கத் தெரிய வேண்டியதும் இல்லை. எனக்கு இது நம்ம காலத்து சோதனைச் சாவடிகளைத்தான் ஞாபகப்படுத்துகிறது.

நொக்ஸ் தப்பியது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரைக்குத் தேவையான கதை. அவரிடம் வரைபடம் கிடையாது, திசைகாட்டி கிடையாது. தொப்பி பின்னினார். அதையும் மற்றச் சாமான்களையும் தூக்கிக்கொண்டு, நண்பன் ஸ்டீபன் ரட்லண்டோடு வியாபாரி மாதிரி ஊர் ஊராக நடந்தார். விற்பதை விட விசாரிப்பதுதான் வேலை. எந்த ஆறு எங்கே போகிறது, எங்கே காவல் இருக்கிறது, எந்தக் கிராமத்துக்குப் பிறகு காடு? வருடக்கணக்கில் இப்படிச் சேர்த்த தகவல் எல்லாம் தலைக்குள்ளேயே இருந்தது. 1679இல் இருவரும் அனுராதபுரம் வரை போய், மல்வத்து ஓயாவின் கரையைப் பிடித்துக்கொண்டே நடந்து, ஒக்டோபரில் ஒல்லாந்தரின் அரிப்புக் கோட்டையை அடைந்தார்கள். நதியே அவர்களுக்கு வழிகாட்டி. 1681இல் லண்டனில் அவருடைய புத்தகம் வெளிவந்தபோது அதற்குள் இலங்கையின் வரைபடம் ஒன்றும் இருந்தது. அரசன் இத்தனை காலம் மறைத்தது அச்சில் ஏறிவிட்டது.

வழி தெரியாமல் வந்த படைகளின் கதி வேறு. 1638 மார்ச்சில் போர்த்துக்கேயர் அழிந்த கன்னொறுவ, நம்ம பேராதனைக்கு ஆற்றுக்கு அந்தப் பக்கம்தான். 1803இல் கண்டியைப் பிடித்து, பிறகு சரணடைந்து வெளியேறிய மேஜர் டேவியின் ஆங்கிலேயப் படை வட்டபுலுவவில் மகாவலியைக் கடக்க முடியாமல் நின்று செத்தது. இன்றைக்கு பாலம் உள்ள ஆறு, அன்றைக்கு மதில். அடுத்த வருடம் கப்டன் ஜோன்ஸ்டன் மட்டக்களப்பிலிருந்து சுமார் 300 பேரோடு கண்டி வரை வந்து சேர்ந்தார். மற்றப் பக்கங்களிலிருந்து வர வேண்டிய படைகளைக் காணவே இல்லை. திட்டம் மாறிய செய்தி அவருக்கு விளங்கும்படி போய்ச் சேராததுதான் காரணம். காட்டுக்குள் சண்டை பிடித்துக்கொண்டே திருகோணமலைக்குத் திரும்பினார். சிக்னல் இல்லாததால் வந்த வினை என்று எங்கள் பெட்ச் பிள்ளைகள் சொல்வார்கள்.

1815இல் இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போனதும் அவர்கள் பாதை போட்டார்கள். கடுகண்ணாவை ஏற்றத்தில் பாறையைக் குடைந்த இடத்தையும், பாதை போட்ட கப்டன் டோசனுக்கு எழுப்பிய கோபுரத்தையும் பஸ்ஸிலிருந்தே பார்க்கலாம். அளவைத் திணைக்களம் அதற்கு முன்பே, 1800 ஓகஸ்டில் தொடங்கிவிட்டது. பிறகு சங்கிலியும் தியோடலைட்டுமாக நாடு முழுக்க முக்கோணங்களாக அளக்கப்பட்டது. இலங்கையின் ஆள்கூற்று வலையமைப்புக்கு ஆதாரப் புள்ளி பிதுருதலாகல மலை உச்சி. நம்ம மலைநாட்டை வைத்துத்தான் முழு நாட்டையும் எண்ணுகிறார்கள் என்பதில் எனக்குச் சின்னச் சந்தோஷம்.

அந்த வரைபடம் எதுவும் கையில் இல்லாமல் இதே மலைக்கு வந்தவர்கள் நம்ம பாட்டன் பூட்டன். கோப்பிக் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து தோணியில் மன்னார்ப் பக்கம் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளையைக் கடந்து மாத்தளைக்கு நடந்தார்கள். முன்னால் போகும் கங்காணிக்குத்தான் வழி தெரியும். கொலராவிலும் காய்ச்சலிலும் பாதையோரம் விழுந்தவர்களுக்குக் கல்லறையும் இல்லை. 2023 ஜூலை 28 அன்று தலைமன்னாரில் தொடங்கி ஓகஸ்ட் 12 அன்று மாத்தளையில் முடிந்த நடைபயணம் அந்த 200 வருட வரலாற்றைக் காலால் திருப்பி எழுதிய முயற்சி.

இப்போது வானத்துக்குப் போவோம். அமெரிக்கப் பாதுகாப்புத் துறை தன் இராணுவத்துக்காக உருவாக்கியதுதான் ஜிபிஎஸ். முதல் செய்மதி 1978இல் ஏறியது. 1983 செப்டம்பர் 1 அன்று வழி தவறி சோவியத் வான்பரப்புக்குள் நுழைந்த கொரிய பயணிகள் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு 269 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான், இது தயாரானதும் பொதுமக்களுக்கும் இலவசமாகக் கிடைக்கும் என்று றீகன் அரசு அறிவித்தது. ஆனால் கொடுத்தது கலப்படம். பொதுமக்களுக்கான சிக்னலில் வேண்டுமென்றே பிழையைச் சேர்த்தார்கள், 100 மீற்றர் வரை தள்ளிக் காட்டும். ஹந்தானை உச்சியில் 100 மீற்றர் என்றால் பாதைக்கும் பள்ளத்துக்கும் இடையிலான தூரம். 2000ஆம் ஆண்டு மே மாத ஆரம்பத்தில் கிளின்டன் அரசு அந்தக் கலப்படத்தை நிறுத்தியது. ஒரு முள்கதவு திறந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது ரஷ்யா, ஐரோப்பா, சீனா என்று மற்றவர்களின் செய்மதிகளும் இருக்கின்றன. நம்ம போன்கள் பல அவற்றையும் சேர்த்தே கேட்கின்றன.

‘கேட்கின்றன’ என்ற சொல்லைக் கவனியுங்கள். நிறையப் பேர் லொகேஷன் போட்டாலே டேட்டா போகும் என்று நினைக்கிறார்கள். செய்மதிக்கு நம்ம போன் எதையும் அனுப்புவதில்லை. தாத்தா காலத்தில் இலங்கை வானொலி கேட்ட மாதிரித்தான் இது. நிலையம் பேசிக்கொண்டே இருக்கும், யார் வீட்டில் ரேடியோ திறந்திருக்கிறது என்று அதற்குத் தெரியாது, கேட்பவருக்கு பில்லும் வராது. சுமார் 20,200 கிலோமீற்றர் உயரத்திலிருந்து ஒவ்வொரு செய்மதியும் ‘நான் இங்கே இருக்கிறேன், இப்போது மணி இத்தனை’ என்று சொல்லிக்கொண்டிருக்கும். நான்கு செய்மதிகளின் நேர வித்தியாசத்தை வைத்து போன் தன் இடத்தைக் கணக்குப் போடும்.

காசு எங்கே போகிறது என்றால், வரைபடத்துக்கு. திரையில் தெரியும் ரோடும் கடையும் இணையத்தில் இறங்குகிறது. 2022 செப்டம்பரில் நெருக்கடிக்கு நடுவே டேட்டா கட்டணமும் 20 சதவீதம் ஏறியதை நாம் மறக்கவில்லை. அதனால் வைஃபை உள்ள இடத்தில் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைப்பதுதான் வழி. கூகுள் மெப்பில் கண்டிப் பகுதியை இறக்கலாம், ஆனால் ஓஃப்லைனில் அது வாகனப் பாதையைத்தான் சொல்லும், நடைபாதை சொல்லாது. நடக்கிறவர்களுக்கு ஓர்கானிக் மெப்ஸ், ஒஸ்மாண்ட் போன்ற செயலிகள் நல்லம். முழு இலங்கையையும் இறக்கினாலும் ஒரு சினிமாப் படத்தை விடக் குறைவாகத்தான் இடம் எடுக்கும். டேட்டாவை அணைத்துவிட்டு, லொகேஷனை மட்டும் போட்டு, வீட்டு வாசலிலேயே ஒரு தடவை சோதித்துப் பாருங்கள். இணைய உதவி இல்லாதபோது முதல் தடவை இடம் பிடிக்கக் கொஞ்ச நேரம் எடுக்கும், சில வேளை பத்து நிமிடம் கூட. உடவத்தகலைக் காட்டுக்குள் மரம் மறைக்கும், பள்ளத்தாக்கில் மலை மறைக்கும். வெட்டவெளியில் நின்று பிடித்துக்கொண்டு உள்ளே போவது புத்திசாலித்தனம்.

இந்தச் செயலிகளின் வரைபடம் எங்கிருந்து வருகிறது? 2004இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கிய ஓபன் ஸ்ட்ரீட் மெப்பிலிருந்து. அங்கே அரச வரைபடத் தரவு காசு கொடுத்தால்தான் கிடைக்கும் என்ற எரிச்சலில் பிறந்த வேலை அது. யாரும் தங்கள் ஊரை வரையலாம், பெயரைத் தமிழிலும் எழுதலாம்.

எனக்கு உறுத்துவது இங்கேதான். கலஹா, தெல்தோட்டைப் பக்கம் திரையைப் பெரிதாக்கிப் பாருங்கள். கண்டி நகரத்தில் கடைக்குக் கடை பெயர் இருக்கும். தோட்டத்துக்குள் போனால் பெரும்பாலும் பச்சைத் திட்டு, பக்டரி, துரை பங்களா, அவ்வளவுதான். மேற்கணக்கு, பணியக்கணக்கு, பெரட்டுக்களம், கொழுந்து மடுவம், கோயிலடி, லயத்துக்குப் பின்னால் ஸ்கூலுக்கு இறங்குகிற குறுக்கு: ஜனங்கள் வழி சொல்கிற எந்தப் பெயரும் இல்லை. லயத்து வீடுகளுக்குத் தனி முகவரி இல்லாமல், கடிதம் தோட்டத்து ஒபிஸ் வழியாக வந்த வரலாற்றின் தொடர்ச்சி இது. கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 அன்று மலை சரிந்து லயங்களை மூடியபோது, உள்ளே எத்தனை பேர் என்பதிலேயே பல நாள் குழப்பம். 1990 அம்பியூலன்ஸ் இலவசம்தான், ஆனால் ‘எங்க இருக்கீங்க?’ என்று கேட்டால் என்ன சொல்வது?

இப்போதைக்கு ஒன்று சொல்லலாம். வரைபடச் செயலியில் நம்ம இடத்தை விரலால் அழுத்திப் பிடித்தால் இரண்டு எண்கள் வரும். கண்டி நகரத்துக்கு அவை ஏறத்தாழ 7.29, 80.63. தசமத்துக்குப் பிறகு நான்கு இலக்கம் வரை சொன்னால் பத்துப் பதினொரு மீற்றர் துல்லியம். அதை எஸ்எம்எஸ்ஸில் அனுப்பலாம், போனில் வாயாலும் சொல்லலாம். வீட்டில் வயசானவங்க இருந்தால், அந்த இரண்டு எண்களையும் ஒரு தாளில் எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டிவிட்டு வாருங்கள். பிறகு, அடுத்த லீவுக்கு ஊருக்குப் போகும்போது பெரட்டுக்களத்தில் நின்று அதன் பெயரை வரைபடத்தில் போடுங்கள். தமிழிலேயே போடலாம்.